வாத்துக் குஞ்சுக்குக் கோழித் தீவனம் மட்டும் போதாது

பாப்பா,

வாத்துக் குஞ்சு வாங்கியிருக்கிறாய், கடையில் கொடுத்த பிராய்லர் குஞ்சுத் தீவனத்தைத்தான் போடுகிறாய் என்று அம்மா சொன்னாள். போடலாம், வாத்துக்கென்றே தனித் தீவனம் நம் பக்கத்துக் கடைகளில் லேசில் கிடைக்காது. ஆனால் அதையே நம்பி விட்டுவிடாதே, முதலில் கெடுவது கால்தான்.

காரணம் நியாசின் என்கிற பி வைட்டமின். பிராய்லர் குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 35 மில்லிகிராம் போதும், வாத்துக்கு 55 வேண்டும். மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசினும் பெரும்பாலும் உடம்பில் சேராத வடிவில் இருக்கிறது, அதனால் சோளம் நிறையப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. குறைந்தால் முட்டி வீங்கும், கால் வளையும், குஞ்சு நடக்காமல் உட்கார்ந்தே இருக்கும், எலும்பு வளைந்து போன பிறகு என்ன கொடுத்தாலும் நிமிராது. கால்நடைத் துறையில் வேலை பார்த்த காலத்தில் இப்படி உட்கார்ந்துவிட்ட குஞ்சுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நச்சரிக்கிறேன். ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் வாங்கி, கிலோ தீவனத்துக்கு 50 கிராம் கலந்து கொடு; பீர் காய்ச்சப் பயன்படுத்தும் ஈஸ்டை உயிர் நீக்கிக் காய வைத்த தூள் அது, நியாசின் நிறைய இருக்கும். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் வேண்டாம், அது உயிருள்ளது, வயிற்றுக்குள் போய்ப் பொங்கும்.

பையில் மருந்து கலந்தது என்று போட்டிருந்தால் மாற்றிவிடு. கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கச் சேர்ப்பது அது, வாத்து கோழியைவிட அதிகம் தின்னும், மருந்தும் அந்த அளவுக்கு உள்ளே போகும்.

அப்புறம் பூசணம். இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் லட்சத்துக்கும் மேல் செத்தன, வாத்துக் குஞ்சுகளும் செத்தன, பிரேசிலிலிருந்து வந்த கடலைப்பிண்ணாக்கில் இருந்த பூசண நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்கிற அந்தப் பூசண நஞ்சைக் கண்டுபிடித்ததே அப்படித்தான். அந்த நஞ்சைக் கோழியைவிட வாத்து தாங்காது. பிண்ணாக்கோ மக்காச்சோளமோ கட்டி பிடித்திருந்தால், ஈர வாடை அடித்தால், காய வைத்துப் போடலாமா என்று யோசிக்காமல் குப்பையில் கொட்டு. காய வைத்தாலும் வேக வைத்தாலும் நஞ்சு போகாது. மழைக்காலத்தில் மூட்டை வாங்கி வைக்காதே, பத்து நாளுக்கு ஆகிற அளவு வாங்கு.

தீவனத்தை லேசாக ஈரப்படுத்திக் கொடு, காய்ந்த தூள் அலகில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். மீந்ததைச் சாயங்காலம் எடுத்துவிடு, புளித்துப் போகும். தண்ணீர் மூக்குத் துளை முங்கும் ஆழத்துக்கு இருக்கட்டும், தீவனத்துக்குப் பக்கத்திலேயே.

முதல் இரண்டு மூன்று வாரம் 20 சதவீதப் புரதம், பிறகு 16 போதும். வளர்ந்தபின் குருணை, தவிடு, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா, தோட்டத்து நத்தை எல்லாம் தின்னும், ஆரணி வாத்துகள் அறுத்த வயலில் மேய்ந்துதானே வளர்கின்றன. ஆனால் உன் கொல்லையில் அவ்வளவு மேய்ச்சல் கிடையாது, ஈஸ்டை நிறுத்தாதே. கருவாடு போடாதே, உப்பு குஞ்சுக்கு ஆகாது. முட்டைக் கோழித் தீவனமும் இப்போது வேண்டாம், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டை இடத் தொடங்கும்போது கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வை, வேண்டியதை அதுவே தின்றுகொள்ளும்.

நாளைக்குக் காலையில் அவை நடப்பதை வீடியோ எடுத்து அனுப்பு. பக்கவாட்டிலிருந்து எடு, முட்டி தெரிய வேண்டும். எதாவது ஒன்று நொண்டினால் எனக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போ.

அப்பா