விலைப்பட்டியலை வரிசையில் நிறுத்த

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு குழாய்ச் சாமான் கடையில் 1250 ரூபாய் பால் வால்வு (ball valve) 125 ரூபாய்க்கு பில்லாகிவிட்டது. விலைப்பட்டியல் கோப்பில் கடைசிச் சுழியம் விடுபட்டிருந்தது. மூன்று பேர் பார்த்தும் கண்ணில் படவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம்; எண்கள் கோணல்மாணலாக நின்றால் யாருக்கும் தப்பிப்போகும். கோப்பை அப்படி அனுப்பியது நாங்கள்தான். வருந்துகிறோம்.

அதனால் நீங்கள் கோப்பைத் திருத்தும் விம் எடிட்டரில், வரிகளை நேராக நிறுத்தும் ஈஸி அலைன் என்ற செருகுநிரலைச் (plugin) சேர்த்திருக்கிறோம். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நேராக்கும் வேலை இனி வேண்டாம். எஸ்கேப் அழுத்திவிட்டு, பட்டியலுக்குள் கர்சரை வைத்து ஜி, ஏ, ஐ, பி (gaip) என்ற நான்கு எழுத்துகளையும் சிறிய எழுத்தில் அடியுங்கள். ஜி, ஏ இரண்டும் இந்த வேலைக்கென நாங்கள் அமைத்த குறுக்குவழி; ஐ, பி என்றால் வெற்று வரி வரும்வரை உள்ள பத்தி முழுவதும். தொடர்ந்து *| அடித்தால் எல்லாக் கோடுகளும் நேராகும். மறுபடி அதே நான்கு எழுத்து, ஒரு என்டர், பிறகு 2| (இரண்டாவது கோடு) என்று அடித்தால் விலை வலப்பக்கம் ஒட்டி நிற்கும்:

104  |   85 | எல்போ
1017 | 1250 | பால் வால்வு
1018 |  140 | டீ

இப்படி நின்றால் சுழியம் குறைந்த விலை உடனே உள்ளே தள்ளித் தெரியும். எங்களுக்கு இதுதான் முக்கியம். கோட்டின் இருபுறமும் உள்ள இடைவெளியை பில்லிங் மென்பொருள் கணக்கில் எடுக்காது, பயமின்றிச் செய்யலாம்.

அமைப்புக் கோப்பில் (settings) | இடத்தில் = அடித்தால் போதும். எண் எதுவும் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு வரியிலும் முதல் சமக்குறியை மட்டும் நேராக்கும்.

ஒரு வேண்டுகோள். தமிழ்ப் பெயரைக் கடைசி நெடுவரிசையிலேயே வையுங்கள். 'ர' ஒல்லி, 'ணை' அகலம். 'கொ' கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறியீடு. பெயர் நடுவில் வந்தால், எடிட்டர் இடைவெளியைச் சரியாக எண்ணிப் போட்டாலும் திரையில் கோடு வளைந்துதான் தெரியும். பழைய கோப்புகளில் பெயர் நடுவில் இருந்தால் நீங்கள் மாற்ற வேண்டாம். எங்களுக்கு அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம். கட்டணம் இல்லை.

தவறாகிவிட்டால் எஸ்கேப், பிறகு சிறிய எழுத்தில் யூ (u). பழையபடி வந்துவிடும்.

அன்புடன்,
பில்லிங் மென்பொருள் பராமரிப்புக் குழு