நெட் இல்லாத கிளினிக்குக்கும் நோயாளி விவரம் போய்ச் சேரணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு கிளினிக்ல பாத்த நோயாளிய இன்னொரு எடத்துக்கு அனுப்புறப்ப அவரோட விவரமும் கூடவே போகணும்னுதான் இப்ப எல்லாரும் பேசுறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அதுக்குன்னு வர்ற சாஃப்ட்வேர்ல நெறைய நெட் எப்பவும் இருக்கும்னு நெனச்சே செஞ்சது. லைன் போச்சுன்னா ஸ்கிரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கும், வெளிய கூட்டம் நிக்கும், நர்ஸ் என்ன செய்வாங்க, பேப்பர்ல எழுத ஆரம்பிச்சிடுவாங்க. அத அப்புறம் யாரு உக்காந்து டைப் பண்றது? பாதி ஏறவே ஏறாது.

"நல்ல நெட் வந்ததும் பாத்துக்கலாம்"னு சொல்றத என்னால ஏத்துக்கவே முடியல. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவர்னு தெரியாம வலிக்கு ஐபுப்ரோஃபென் எழுதிட்டா ரத்தக்கசிவு வரலாம், பென்சிலின் ஒத்துக்காதவருக்கு அதே வகை மருந்தான அமாக்சிசிலின் குடுத்தா உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நேரத்துல டாக்டருக்கு முழு ஃபைலும் வேண்டாங்க, என்ன நோய், என்ன மாத்திரை, எவ்வளவு டோஸ், எது அலர்ஜி, இது தெரிஞ்சா போதும். வெறும் எழுத்தா இருந்தா இது சில கிலோபைட்தான், மெகாபைட் கணக்குல இழுக்குறது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கதான். சுருக்கம் மொதல்ல போகட்டும், படம் பின்னாடி மெதுவா வரட்டும். இந்த மாதிரி சுருக்கத்துல என்னென்ன இருக்கணும்னு ஐஎஸ்ஓ 27269னு 2021லயே சர்வதேச ஸ்டாண்டர்டே வந்தாச்சு.

ரெக்கார்டு அந்தந்த கிளினிக் கம்ப்யூட்டர்லயே இருக்கணும், லைன் வர்றப்ப மாறுனத மட்டும் அனுப்பணும், நடுவுல அறுந்தா விட்ட எடத்துலேர்ந்து தொடரணும். கவுச்டிபி மாதிரி டேட்டாபேஸ் இத ரொம்ப வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்கு, புதுசா கண்டுபிடிக்க ஒண்ணும் இல்ல.

ஆனா நான் ரொம்ப பயப்படுறது வேற எடம். ஒரே நோயாளிக்கு ரெண்டு கிளினிக்ல லைன் இல்லாதப்ப ரெண்டு விதமா பதிஞ்சிருப்பாங்க, பிறகு லைன் வந்து ரெண்டு பதிவும் ஒண்ணா சேர்றப்ப (சிங்க்) "கடைசியா எழுதினதுதான் செல்லும்"னு வச்சா இன்னொருத்தர் எழுதுன அலர்ஜி சத்தமில்லாம அழிஞ்சிடும். அதுலயும் நெட் இல்லாத கம்ப்யூட்டர்ல கடிகாரமே தப்பா ஓடும், அப்ப எது கடைசின்னு எப்படி நம்புறது? அலர்ஜி, மருந்து மாதிரி விஷயத்துல எதையும் அழிக்காம ரெண்டையும் காட்டி, டாக்டர் பாத்து முடிவு பண்ற மாதிரிதான் இருக்கணும், இதுல விட்டுக்குடுக்கவே கூடாது.

நோயாளி நம்பரும் அப்படித்தான். சென்ட்ரல் சர்வர்ட்ட கேட்டுத்தான் நம்பர் வாங்கணும்னா லைன் இல்லாத நாள்ல புதுசா ஒருத்தரையும் பதிய முடியாது, அதனால ஒவ்வொரு கிளினிக்குக்கும் நம்பர முன்கூட்டியே பிரிச்சு குடுத்துடணும். பேர வச்சு மட்டும் ஆள் தேடுனா ஒருத்தரே மூணு எழுத்துக்கூட்டல்ல மூணு ஆளா நிப்பாரு.

இதெல்லாம் சரியா இல்லாததாலதான் கேஸ் ஷீட்ட போட்டோ புடிச்சு சொந்த போன்ல அனுப்புறாங்க, லாக் இல்லாத பென்டிரைவ்ல தூக்கிட்டு போறாங்க. அவசரத்துல அவங்களும் வேற என்ன செய்வாங்க, அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, ஆனா தொலைஞ்சா ஒருத்தரோட எச்ஐவி விவரம் கூட வெளிய போயிடும்.

அதனால வாங்குற பொறுப்புல இருக்கவங்களுக்கு உங்க பத்திரிகை வழியா ஒரு வேண்டுகோள். டெமோ காட்ட வந்தா நெட் கேபிள கழட்டிட்டு ஒரு நாள் முழுக்க நோயாளி பதிய சொல்லுங்க, ரெண்டு மெஷின்ல ஒரே ஆளுக்கு வேற வேற அலர்ஜி போட சொல்லுங்க, அப்புறம் கேபிள சொருகி ரெண்டும் வந்திருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்