பிரைமர் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கராஜில் சொந்தமாக விமானம் கட்டும் உங்கள் வட்டத்தில் கொஞ்ச நாளாக நம் கடையைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது. "அந்தக் கடைக்குப் போனால் தேவையோ இல்லையோ எபாக்சி பிரைமரைத் தலையில் கட்டிவிடுவார்கள்" என்கிறார்களாம். (பிரைமர் என்பது உலோகம் அரிக்காமலிருக்க அடிக்கும் அடிப்பூச்சு; எபாக்சி என்பது அதில் இரண்டு பாகம் கலந்து அடிக்கும் வகை.) விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இது மனதை உறுத்துகிறது.

பிரைமர் கேட்டு வருபவரிடம் நாங்கள் முதலில் என்ன கேட்போம் என்பது உங்களுக்கே தெரியும். எந்த உலோகம், விமானம் எங்கே நிற்கப்போகிறது? ஆர்வி கிட், அதாவது வீட்டிலேயே கட்டும்படி பாகங்களாக வரும் ஆர்வி விமானத்தின் வெளித்தோல் தகடுகள் பெரும்பாலும் 2024-டி3 ஆல்க்ளாட் என்ற அலுமினியக் கலவை. இரு பக்கமும் மெல்லிய தூய அலுமினியப் படலத்தோடுதான் அவை வருகின்றன. அரிப்பை அந்தப் படலமே பெருமளவு தாங்கிக்கொள்ளும். அரிசோனா போன்ற வறண்ட இடத்தில், ஹேங்கருக்குள் நிற்கும் விமானமா? உள்பக்கத் தகடுகளுக்குப் பிரைமரே வேண்டாம் என்று எத்தனை பேரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம்! வியாபாரத்தை மட்டும் பார்ப்பவர் அப்படிச் சொல்வாரா?

ஃபுளோரிடா கடற்கரைப் பக்கம் என்றால் கதை வேறு. தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் லேசில் காயாது. ரிவெட் அடித்த பிறகு அங்கே கையும் போகாது. அப்புறம், 6061 என்ற அலுமினியக் கலவைக் கோணங்களுக்கும் பட்டைகளுக்கும் அந்தப் படலம் கிடையாது. இவற்றுக்குத்தான் எபாக்சி சொல்கிறோம். சின்ன பிராக்கெட்டுக்கு ஸ்ப்ரே டப்பாவில் வரும் செல்ஃப்-எட்ச், அதாவது உலோகத்தை லேசாக அரித்துத் தானே பற்றிக்கொள்ளும் பிரைமர் போதும், வேலையும் சுலபம். ஆனால் எம்இகே என்ற கரைப்பானில் நனைத்த துணியால் தேய்த்தால் அது கையோடு வந்துவிடும். இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து நன்றாக இறுகிய எபாக்சி பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் அசையாது. அதையும் மெல்லிசாகத்தான் அடிக்க வேண்டும், தடித்தால் எடைதான் கூடும். எரிபொருள் தொட்டிக்குள் மட்டும் எந்தப் பிரைமரும் வேண்டாம், அங்கே சீலன்ட்தான்.

பழைய ஜிங்க் குரோமேட் பிரைமரை ஏன் வைப்பதில்லை என்றும் சிலருக்கு வருத்தம். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. மூடிய கராஜில், குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதை அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பச்சை நிறம்தான் வேண்டுமென்றால் குரோமேட் இல்லாத எபாக்சியிலேயே இருக்கிறது.

"நகம் பட்டாலே உரிகிறது" என்று சொன்னவருக்கும் ஒரு வார்த்தை. பிசுக்கு மிச்சமிருந்தால் உலகத்திலேயே சிறந்த பிரைமரும் ஒட்டாது. தகட்டைச் சிவப்பு ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரால் தேய்த்துக் கழுவியபின் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாகத் திரளாமல் தகடு முழுக்கப் படலமாக நின்றால்தான் சுத்தம். கலந்த எபாக்சியை உடனே ஸ்ப்ரே கன்னில் ஊற்றாமல், டின்னில் அச்சிட்டிருக்கும் நேரம் வரை வைத்திருங்கள். முகமூடியும் கட்டாயம்.

சரி, இன்னொன்று. எபாக்சியைச் சிறு அளவாக அளந்து பிரித்துக் கொடுத்த நம் கடைத் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். அதனால் இப்போதைக்கு எபாக்சி முழு செட்டாகத்தான் கிடைக்கும். அடுத்த மாதம் முதல் விலையும் அனுப்பும் கட்டணமும் சற்றுக் கூடும்.

யார் என்ன சொன்னாலும் முதலில் எங்களிடமே வந்து கேட்ட உங்களுக்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் இருப்பதால்தான் இந்தக் கடை நடக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் தகட்டில் ஒரு துண்டு வெட்டி எடுத்து வாருங்கள். பூசி, காயவைத்து, உங்கள் கண் முன்னாலேயே தேய்த்துக் காட்டுகிறோம். அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்