வாஷர்வுமன் ஜிக் யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் ஐரிஷ் நடன இசைக் கட்டுரை, ‘தி ஐரிஷ் வாஷர்வுமன்’ என்ற ஜிக்கை (துள்ளல் நடன மெட்டை) “அயர்லாந்து மண்ணில் பிறந்த பழம்பெரும் மெட்டு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்தப் பெயர் அச்சில் தென்படுவதே 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதன் சாயல் கொண்ட ‘டார்கசன்’ என்ற மெட்டோ, ஜான் பிளேஃபோர்டு 1651-ல் லண்டனில் வெளியிட்ட நடன நூலிலேயே இருக்கிறது.

அதற்காக இதை இங்கிலாந்தின் கணக்கில் எழுதுவதும் அவசரம். டார்கசன் மொத்தமே 8 பார் (மேற்கத்திய இசையின் தாளக் கட்டம்). முடிந்து நிற்காது, தொடங்கிய இடத்துக்கே வந்து சுற்றிக்கொண்டிருக்கும். (ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1911-ல் ராணுவ பேண்டுக்கு எழுதிய ‘செகண்ட் ஸ்வீட்’ என்ற இசைத் தொகுதியின் கடைசிப் பகுதியில் இந்தச் சுழற்சியைக் கேட்கலாம்.) வாஷர்வுமனுக்கு 8 பார் கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை, ஆக 32 பார். அந்த இரண்டாம் பகுதிக்கு டார்கசனில் இடமே இல்லை.

மெட்டின் உயிரோ அங்கேதான். மேற்கத்திய ஜி (G) சுரத்தை ஸ என்று வைத்துக்கொண்டால், முதல் பகுதி ‘கஸஸ பஸஸ’ என்று மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் தொட்டுத் தொடங்கும். மூன்றாம் பாரில் அதே உருவம் ஒரு படி ஏறி ‘மரிரி தரிரி’ ஆகும். இரண்டாம் பகுதியின் 5, 6-ம் பார்களில் மேல் ஸ அசையாமல் நிற்க, ‘தஸஸ பஸஸ மஸஸ கஸஸ’ என்று அடியில் ஒரு வரி படியிறங்கும். என்ன அழகான இறக்கம்! வயலினில் தடுமாறுவதும் இங்கேதான். மேல் ஸ ஈ (E) தந்தியில், ப, ம, க ஏ (A) தந்தியில். ஒவ்வொரு தாவலுக்கும் வில் பிடித்த முழுக் கையையும் தூக்கினால் வேகம் விழும்; மணிக்கட்டால் மாற்ற வேண்டும்.

தாளம் ‘தகிட தகிட’. மூன்று சுரங்களும் சம அளவு என்று கட்டுரை சொல்வது எழுத்துக்குத்தான் பொருந்தும். வாசிப்பில் முதல் சுரம் சற்று நீளும், நடுச்சுரம் சுருங்கும், மிகையானால் நொண்டும். வேகத்தையும் குறிப்பிட்டிருக்கலாம்: நடனப் போட்டிகளில் மென்காலணி ஜிக்குக்கு நிமிடத்துக்கு 115 தட்டு (ஒரு ‘தகிட’ ஒரு தட்டு) வாக்கில் வாசிப்பார்கள், கடினக் காலணி ஜிக் 73 வரை இறங்கும்.

ஒரே மெட்டு பல பெயர்களில் வருவது ஐரிஷ் இசையில் சகஜம். சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓநீல் 1903-ல் வெளியிட்ட 1,850 மெட்டுகளின் தொகுப்பிலும் இப்படிப் பல பெயரில் வரும் மெட்டுகளைக் காணலாம். பெயரை மட்டும் வைத்து மெட்டை அடையாளம் காண முடியாது; ஆகவே அடுத்த கட்டுரையில் ஒவ்வொரு மெட்டுக்கும் முதல் இரண்டு பாரின் சுரத்தையாவது அச்சிடுங்கள்.

வயலின் ஆசிரியர்,
திருச்சி