திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான சங்கப் பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இந்த ஆண்டு முழுவதையும் 1970, 80களின் போராட்ட ஆவணப்படங்களுக்கே ஒதுக்கினோம். திரையிடுவது ஒரு வேலை, நம் வட்டாரத்தில் கிடக்கும் பழைய ஒளிப்பதிவுகளைத் தேடிக் காப்பாற்றுவது இன்னொரு வேலை என்று பிரித்துக்கொண்டோம். "அந்தப் படத்தையெல்லாம் இப்போ யார் வந்து பார்ப்பா?" என்று அன்று கேட்ட நண்பர், அதன் பிறகு ஒரு திரையிடலையும் தவறவிடவில்லை. அவருக்கு முதல் நன்றி.

ஜூன் 25 அன்று, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 50ஆம் ஆண்டை ஒட்டி, ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனின் 'கிராந்தி கி தரங்கேன்' படத்தோடு தொடங்கினோம். அரை மணி நேரப் படம். 1974இல் பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையில் நடந்த இயக்கத்தைப் பற்றியது. அந்த ஆண்டு நவம்பர் 4 அன்று பாட்னாவில் நடந்த பேரணியையும் போலீஸ் தடியடியையும் பதிவுசெய்ய, கடன் வாங்கிய சூப்பர் 8 என்ற சிறிய ஃபிலிம் கேமராவோடு போனவர் பட்வர்தன். எடுத்ததைத் திரையில் ஓட்டி, அதை 16 எம்.எம். கேமராவால் மறுபடி படம்பிடித்துத்தான் இந்தப் படத்தை உருவாக்கினார். காட்சிகள் சொரசொரப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம். நம் புரொஜெக்டரில் கோளாறு என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்து வந்துவிட்டார். அவரை உட்கார வைத்த பிறகுதான் படம் தொடர்ந்தது.

நெருக்கடி நிலை வந்ததும் படம் தலைமறைவானது. ஒரு பிரதியைத் துண்டு துண்டாக வெட்டி, நண்பர்கள் வழியாக வெளிநாட்டுக்குக் கடத்தி, கனடாவில் மறுபடி ஒட்டிச் சேர்த்தார்கள். அங்கிருந்த இந்தியர்களுக்கு அது காட்டப்பட்டது. இதே காலத்தில் அம்ரித் நஹாட்டா எடுத்த 'கிஸ்ஸா குர்சி கா' என்ற கதைப்படத்துக்கு என்ன நடந்தது என்பதையும் அன்று விளக்கினோம். அதன் நெகட்டிவ்வையும் பிரதிகளையும் அரசு கைப்பற்றியது, பிறகு அவை எரிக்கப்பட்டன. நஹாட்டா 1978இல் அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு கதைகளையும் மனதில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். குளிர்சாதன அறை பற்றிய தீர்மானத்தின்போது மறுபடி இங்கேதான் வருவேன்.

அடுத்ததாக, பட்வர்தன் எடுத்து 1978இல் வெளியான, அரசியல் கைதிகளைப் பற்றிய 'மனசாட்சியின் கைதிகள்' 45 நிமிடம் ஓடியது. 1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட பிறகு மிசா சட்டத்தில் சிறைக்குப் போன நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அன்று பேசினார். பீகார் இயக்கத்தில் பா.ஜ.க.வின் முன்னோடியான ஜனசங்கமும் இருந்ததே, அதைப் பற்றி முதல் படம் ஏன் இன்னும் கறாராகப் பேசவில்லை என்று இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. களத்தின் சூட்டில் எடுத்த படத்தைப் பின்னால் நடந்ததை வைத்து எடைபோடக்கூடாது என்றார் பெரியவர். இதுவும் நியாயம்தான். கடைசிப் பேருந்தைக் காரணம் காட்டித்தான் கூட்டத்தை முடிக்க முடிந்தது.

செப்டம்பரில் சிலி நாட்டு இயக்குநர் பத்ரிசியோ குஸ்மானின் 'சிலியின் போர்'. மூன்று பாகமும் சேர்ந்தால் ஏறத்தாழ நாலரை மணி நேரம். 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் குஸ்மான் கைதாகி, மற்ற ஆயிரக்கணக்கானவர்களைப் போலவே சாந்தியாகோவின் தேசிய விளையாட்டரங்கில் அடைக்கப்பட்டார். படச்சுருள்கள் ஸ்வீடன் தூதரகத்தின் உதவியால் நாட்டைவிட்டு வெளியேறின. படத்தொகுப்பு நடந்தது கியூபாவில். ஒளிப்பதிவாளர் ஹோர்ஹே முல்லர் சில்வாவை 1974 நவம்பரில் ரகசியப் போலீஸ் பிடித்துச் சென்றது. அவர் திரும்பவே இல்லை. மூன்றாம் பாகம் முடியும்போது மண்டபத்தில் பாதிப்பேர்தான் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இந்தத் திரையிடலை முதலில் ஏற்பாடு செய்த மண்டபத்தார், ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு ஒயரிங் சரியில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வேறு இடம் தந்த உறுப்பினருக்கு நன்றி.

இந்த ஆண்டின் முக்கியமான திரையிடல் என்று நான் கருதுவது, பீடித் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. 1980இல் பெங்களூரில் தீபா தன்ராஜ், அபா பையா, மீரா ராவ், நவ்ரோஸ் கான்ட்ராக்டர் ஆகியோர் சேர்ந்து தொடங்கிய திரைப்படக் கூட்டுக்குழு 'யுகாந்தர்'. 1983க்குள் நான்கு படங்கள் எடுத்தார்கள். புனேயில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றியது 'மோல்கரின்'. நிப்பாணி ஊரின் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றியது 'தம்பாக்கு சாக்கிலா ஊப் ஆலி'. ஐதராபாத் பெண்கள் அமைப்போடு சேர்ந்து குடும்ப வன்முறையைப் பற்றித் தெலுங்கில் எடுத்தது 'இதி கத மாத்ரமேனா'. மரங்களைக் காக்க நடந்த சிப்கோ இயக்கத்தின் பெண் ஒருவரைப் பற்றியது 'சுதேஷா'. பல காலம் இவை பெயரளவில்தான் தெரிந்திருந்தன. பெர்லினில் உள்ள ஆர்செனல் திரைப்பட நிறுவனம் மீட்டெடுத்துக் கணினிப் பிரதியாக்கிய பிறகு, இன்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஒளிப்பதிவு செய்த நவ்ரோஸ் கான்ட்ராக்டர் 2023 ஜூனில் ஓசூர் அருகே சாலை விபத்தில் காலமானார். மணி கௌல் இயக்கிய 'துவிதா' படத்துக்கும் அவர்தான் ஒளிப்பதிவு. திரையிடலுக்கு முன் அவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

நாம் தேர்ந்தெடுத்தது நிப்பாணிப் படம், 25 நிமிடம்தான். அதை எடுக்கும் முன் குழுவினர் மாதக்கணக்கில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். என்ன காட்ட வேண்டும், எப்படிக் காட்ட வேண்டும் என்பதில் அந்தப் பெண்களுக்கும் பங்கு உண்டு. படம் மராத்தியில் இருப்பதால் தமிழ் வசன வரிகள் தயாரித்தோம். ரயில்வேயில் பல ஆண்டுகள் மீரஜ் பக்கம் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் மராத்தியைக் கேட்டே திருத்திக் கொடுத்தார். ஆங்கில வரிகளை மட்டும் நம்பியிருந்தால் பாதிப் பேச்சின் காரம் போயிருக்கும். வரிகளை வாசிக்கச் சிரமப்படுபவர்கள் வருவார்கள் என்று தெரிந்ததால், தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஒரு அம்மா மைக்கில் உடனுக்குடன் வாசித்தார். வாசித்தார் என்பதைவிடப் பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் தன் சொந்தக் கருத்தையும் சேர்த்துவிட்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

புகையிலைத் தூசி பறக்கும் காட்சியில் மண்டபம் முழுக்க ஒரு சலசலப்பு. சொளவை மடியில் வைத்து, இலை வெட்டி, தூள் போட்டுச் சுற்றிப் பழகியவர்களுக்கு அந்த நெடி திரையிலிருந்தே அடித்திருக்கும். படம் முடிந்ததும் ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, தூள் எடை குறைவாகப் போட்டால் யாரிடம் கேட்பது, கழிவு என்று தள்ளும் பீடிக்குக் கணக்கு உண்டா என்று பேச்சு எங்கெங்கோ போனது. பின்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டது என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: "அவங்க எல்லாரும் ஒரே கேட்டு முன்னாடி உக்காந்தாங்க. நாங்க வீட்டுல சுத்துறோம். நாங்க எந்தக் கேட்டு முன்னாடி போய் உக்கார?" 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டமே வீட்டில் சுற்றுபவர்களையும் தொழிலாளி என்று ஏற்றிருந்தது என்று சங்க நிர்வாகி விளக்கினார். கேட்டவர் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறே படத்தை மறுபடி போடச் சொல்லிப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. நாம் போகவில்லை. பென் டிரைவில் படத்தையும் வசன வரிகளையும் கொடுத்தனுப்பினோம், அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

டெட்ராய்ட் கார்த் தொழிற்சாலைகளின் கறுப்பினத் தொழிலாளர்களைப் பற்றிய 'ஃபைனலி காட் த நியூஸ்' படமும், கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் போராட்டத்தை நியூயார்க்கின் நியூஸ்ரீல் குழு 1968இல் எடுத்த படமும் சிறு வட்டத்தில் காட்டப்பட்டன. இரண்டுக்கும் தமிழ் வரிகள் இன்னும் தயாராகவில்லை.

இனி பழைய ஒளிப்பதிவுகள். உறுப்பினர்களும் இயக்க நண்பர்களும் கொடுத்த வி.எச்.எஸ்., ஹை 8, மினி டி.வி. (MiniDV) வீடியோ கேசட்டுகள் இரண்டு அலமாரி நிரம்ப வந்திருக்கின்றன. ஒரு மணி நேர மினி டி.வி. கேசட்டைக் கணினிக்கு ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. ஏறத்தாழ 13 ஜிபி இடம் பிடிக்கும். வி.எச்.எஸ். பிளேயர்களின் உற்பத்தி உலகிலேயே 2016இல் நின்றுவிட்டது. நம்மிடம் இருப்பது பழுதானால் பழைய சாமான் கடைதான் கதி. டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் தயவுசெய்து வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். டேப்பும் கெடும், பிளேயரின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும்.

ஒரு பழைய படிப்பகத்தின் பரணிலிருந்து 16 எம்.எம். படச்சுருள் டப்பா ஒன்று கிடைத்தபோது எல்லோருக்கும் பரபரப்பு. திறந்ததும் வினிகர் வாடை. அசிடேட் படச்சுருள் சிதையும்போது வரும் வாடை அது. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அந்தச் சிதைவு வேகமாக நடக்கும், தொடங்கிவிட்டால் தன்னைத்தானே தூண்டிக்கொண்டு போகும். சுருள் சுருங்கிவிட்டதால் ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பற்களில் உட்காராது. கையால் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தோம். எந்தப் போராட்டமும் இல்லை, குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படம்! தியேட்டரில் படம் தொடங்கும் முன் கட்டாயம் காட்டிய வகை. தூக்கிப் போடலாம் என்றார்கள் சிலர். நான் வேண்டாம் என்றேன். நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு என்ன பேசியது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதிர்ப்புப் படங்களின் குரல் ஏன் அவ்வளவு உரக்க இருக்கிறது என்று புரியும். அந்த டப்பாவின் ஆவி மற்றதைப் பாதிக்கும் என்பதால் தனியாக, காற்றோட்டமாக வைத்திருக்கிறோம்.

கூடங்குளம் அணு உலையை எதிர்த்த இடிந்தகரைப் போராட்டம் தொடர்பான பதிவுகளும் வந்துள்ளன. அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு போடப்பட்டது உங்களுக்குத் தெரியும். ஆகவே முகங்கள் தெரியும் எந்தப் பதிவையும், அதில் இருப்பவர்கள் அல்லது எடுத்தவர்களின் சம்மதம் இல்லாமல் வெளியில் விடுவதில்லை என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. காப்பாற்றுவோம், காட்ட மாட்டோம். இதில் சில நண்பர்களுக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் முடிவில் மாற்றமில்லை. அதேபோல நம் சட்டப்படி ஒரு படத்துக்கு வெளியான ஆண்டைத் தாண்டி 60 ஆண்டு காப்புரிமை உண்டு. பழைய படம்தானே என்று அனுமதி கேட்காமல் யூடியூபில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

ஆண்டின் நடுவில் ஹார்டு டிஸ்க் ஒன்று செத்துப்போனது. அதில் இருந்தது எல்லாம் பொருளாளர் வீட்டு டிஸ்க்கிலும் இருந்ததால் எதுவும் போகவில்லை.

இப்போது விவாதத்துக்குரிய தீர்மானம். கட்டட நிதியைக் கொண்டு குளிர்சாதன வசதியோடு ஆவண அறை ஒன்று கட்ட வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் செயலாளர் என்ற முறையில் நான் அதை ஆதரிக்கவில்லை. நாள் முழுதும் ஏ.சி. ஓட்டும் மின்கட்டணம் ஒரு பக்கம். எல்லாவற்றையும் ஒரே அறையில், ஒரே பூட்டுக்குள் வைப்பதுதான் எனக்கு இடிக்கிறது. பட்வர்தனின் படம் பிழைத்தது பிரதி பல கைகளில் பிரிந்து போனதால். யுகாந்தர் படங்கள் நம் ஊர் வரை வந்தது யாரோ மீட்டெடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டதால். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் கேரளத்தில் ஒடேசா இயக்கம் தொடங்கியபோது, மக்களிடமே காசு திரட்டிப் படம் எடுத்து, ஊர் ஊராகப் போய்க் காட்டினார்கள். அவர்களிடம் அறை எதுவும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

என் மாற்று யோசனை இது. ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதி. ஒன்று இங்கே, ஒன்று பொருளாளர் வீட்டில், ஒன்று வெளியூரில் நட்புச் சங்கம் ஒன்றிடம். கட்டட நிதியில் ஒரு பகுதியைத் தமிழ் வசன வரிகளுக்கும், வாசித்துச் சொல்பவர்களின் சிறு ஊதியத்துக்கும் ஒதுக்கலாம். சிதையத் தொடங்கிய படச்சுருள் ஏதும் இனிக் கிடைத்தால் நாமே கைவைக்காமல் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் ஆலோசனையைக் கேட்கலாம். முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் பேசிய பிறகு வாக்கெடுப்பு நடக்கும்.

கேசட் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வலது பக்க மேசையில் ஒப்படைக்கலாம். எப்போது, எங்கே, யார் எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதித் தாருங்கள். 'கூட்டம் 2' என்று மட்டும் எழுதிய கேசட்டுகள் ஏற்கெனவே நிறையச் சேர்ந்துவிட்டன.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்