காவடி நாளுக்கு முன் ஒரு வேண்டுகோள்: கோயில் நிர்வாகக் குழுவினருக்குத் திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் தமிழ்க் கோயில்களை நடத்திவரும் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் குருக்கள்மாருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்கும் சித்திரைக் காவடிக்கும், ஈஸ்டர் நாள்களில் மாரியம்மன் கோயில்களில் நடக்கும் பூமிதிக்கும் பல வாரங்களுக்கு முன்பே நீங்கள் வேலையைத் தொடங்கிவிடுகிறீர்கள். பந்தல், தண்ணீர், அன்னதானம், வண்டி நிறுத்துமிடம் என எல்லாவற்றுக்கும் ஆள் போட்டிருப்பீர்கள். அதோடு இன்னும் ஒரு வேலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடல். சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோயோடும் அதை ஒட்டி வரும் இதயக் கோளாறோடும் விரதமிருக்கிற அடியார்கள் உங்கள் ஊர்வலத்தில் நடக்கிறார்கள். அவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. அவர்களுடைய நேர்த்திக்கடன் அவர்கள் உயிருக்கு ஆபத்தாக முடியாமல் பார்த்துக்கொள்ள உங்களால் முடியும்.

சொரியாசிஸ் என்பது வெள்ளிச் செதில் உதிரும் படை. அது உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் வரைக்கும் மூட்டும் பாதிக்கப்படலாம், பெரும்பாலும் படை வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. ஒரு விரல் அடியிலிருந்து நுனிவரை வீங்கும். நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் விழும். குதிகாலின் பின்பக்கம் வலிக்கும். காலையில் அரைமணிக்கு மேல் உடம்பு விறைத்திருந்து, நடமாடினால் தளரும். ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற வேறொரு மூட்டு நோய்க்கான பரிசோதனை இரத்தத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அதை மட்டும் பார்த்து "மூட்டு நோய் இல்லை" என்று அனுப்பிவிடுவதால் பலருக்குச் சிகிச்சை தள்ளிப்போகிறது. இது ஒட்டுநோய் அல்ல என்பதை ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்லுங்கள். விபூதிக்கு நீட்டிய கையைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் விலகும்போது, அந்த நோயாளி கோயிலுக்கு வருவதையே விட்டுவிடுகிறார்.

மூட்டை வீங்கவைக்கும் அதே அழற்சி இரத்தக் குழாயின் உள்சுவரையும் கெடுக்கிறது, கொழுப்புப் படிவதை விரைவாக்குகிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு அதிகம் வருவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்தில் அந்தச் சுமை இன்னும் கூடும்.

இனி விரதத்துக்கு வருவோம். சைவச் சாப்பாட்டால் எந்தக் கெடுதலும் இல்லை. கெடுதல் வருவது தண்ணீர் குறைவதாலும் மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்துவதாலும் கூட்டுவதாலும்தான். தைப்பூசம் டர்பனின் கொதிக்கும் கோடையில் வருகிறது. எனலாப்ரில் போன்ற அழுத்த மாத்திரை, ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற நீர் மாத்திரை, மூட்டு வலிக்கு இபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக் ஆகிய மூன்றையும் சேர்த்து விழுங்குபவர், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். இந்த மூட்டு நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாகத்தான். அது உடம்பிலேயே தங்கினால் இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையை அடித்துவிடும். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல், காரணமில்லாமல் தோல் கன்றிப்போவது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து. மருத்துவர் குறிக்கும் அளவு பொதுவாக 7.5 மில்லிகிராம் முதல் 25 மில்லிகிராம் வரை இருக்கும். நாள்தோறும் விழுங்கி இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. எனவே நாளின் பெயரைப் பெட்டியின் மேலேயே எழுதிவையுங்கள். அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமிலத்தை வேறொரு நாளில் எடுக்க வேண்டும். மாத்திரை நாளும் காவடி நாளும் ஒன்றாக வந்தால், ஓரிரு நாள் தள்ளி எடுக்கலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்கலாம். விட்டுப்போனதற்காக இரட்டிப்பாக எடுக்கவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கோ சளிக்கோ கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதித் தந்தால், "நான் மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன்" என்று சொல்லித் தடுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜைக்கு ஆபத்து.

இதயத்துக்காகச் சிறு அளவு ஆஸ்பிரின் எடுப்பவர் வலிக்கு இபுப்ரோஃபெனை முதலில் விழுங்கினால் ஆஸ்பிரின் வேலை செய்யாமல் போகலாம். ஆஸ்பிரினை முதலில் எடுத்து, குறைந்தது அரைமணி கழித்து மற்றதை எடுக்க வேண்டும். இதயம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு இந்த வகை வலி மாத்திரையே கூடாது. அவை உப்பையும் நீரையும் தேக்கிக் கால்களை வீங்கவைக்கும், மூச்சை முட்டவைக்கும்.

அலகு குத்துவதைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சொரியாசிஸ் உள்ள தோலில் காயம் பட்டால், பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அதே இடத்தில் புதுப்படை வரலாம். முதுகிலும் மார்பிலும் கொக்கி மாட்டிய இடமெல்லாம் படையாகலாம். அழற்சியை அடக்கும் ஊசி மருந்து எடுப்பவருக்குக் குத்திய புண் எளிதில் சீழ்கட்டும். ஆகவே அலகு குத்துபவர்களிடம் பெயர் பதியும்போதே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: தோல் நோய் உண்டா? இரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை உண்டா? இரண்டாவது கேள்விக்கு "உண்டு, ஆனால் நிறுத்திவிட்டேன்" என்ற பதில் வந்தால் அதைவிட ஆபத்தானது வேறில்லை. இதயக் குழாயைத் திறந்துவைக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவர், இரத்தம் உறையாமல் தடுக்கும் கிளோபிடோக்ரலையும் ஆஸ்பிரினையும் தானாக நிறுத்தினால், ஸ்டென்டிலேயே இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். அப்படிப்பட்டவர் பால்குடமோ சாதாரணக் காவடியோ எடுக்கட்டும். முருகன் முன் எதுவும் குறைவில்லை என்று குருக்கள் வாயால் சொன்னால் கேட்பார்கள், நாங்கள் சொல்வதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள்.

அருள் வந்து விழுகிறவரை நம் மக்கள் சூழ்ந்து நின்று விபூதி பூசுகிறார்கள். அது நம்பிக்கை, அதில் நாங்கள் கை வைக்கவில்லை. ஆனால் விழுந்தவர் எழுப்பினால் விழிக்கவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் அது இதயம் நின்ற அறிகுறி. ஒருவர் 10177 அல்லது கைப்பேசியிலிருந்து 112 அழைக்க, இன்னொருவர் உடனே மார்பின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்க வேண்டும். மேளத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அந்தத் தொண்டருக்கு இருக்கட்டும். மார்பு, தாடை, இடது தோள் வலிக்கிறது என்பவர் "அது என் மூட்டு வலிதான்" என்று சொன்னாலும் உட்காரவையுங்கள். இந்த நோயில் மார்பெலும்பின் மூட்டுகளும் வலிக்கும் என்பதால் நோயாளியே ஏமாந்துபோவார். வியர்வையோ குமட்டலோ கூட இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தயங்காதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் மென்று தின்னக் கொடுக்கலாம்.

செலவு அதிகமில்லாத சில ஏற்பாடுகள்: பாதையில் அரை கிலோமீட்டருக்கு ஒரு நிழலும் நாற்காலியும் தண்ணீரும். குதிகால் வலிக்கிறவர்களுக்குச் செருப்போடு நடக்க அனுமதி. இரத்த அழுத்தம் பார்க்கும் மேசை ஒன்று, முடிந்தால் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பே. அன்னதானத்தில் ஊறுகாயையும் அப்பளத்தையும் கேட்பவருக்கு மட்டும் வையுங்கள், குழம்பில் உப்பைக் குறையுங்கள். ஆம்புலன்ஸ் நுழையும் வாசலில் வண்டி நிறுத்தவிடாதீர்கள்.

இன்னொன்று, திருவிழாவைத் தாண்டியது. மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் கட்டாயம் செலவேற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் இருக்கிறது, இரத்த அழுத்தமும் இதயக் குழாய் அடைப்பும் இதயச் செயலிழப்பும் இருக்கின்றன. சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் இல்லை. விளைவுக்குப் பணம் தந்து காரணத்துக்கு மறுப்பது அநியாயம். உங்கள் குழுக்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கும் முதியவர்களுக்கு முறையீடு எழுதிக்கொடுங்கள். மருத்துவத் திட்டங்களை மேற்பார்வையிடும் மன்றத்துக்கு எல்லாக் கோயில்களும் சேர்ந்து ஒரு மனு அனுப்புங்கள்.

உங்கள் அடுத்த குழுக் கூட்டத்துக்கு அழைத்தால் வந்து விளக்குகிறோம். இரத்த அழுத்தக் கருவியையும் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
டர்பன் வட்டாரத் தமிழ்ச் செவிலியர்களும் மருந்தாளர்களும் சிலர்