பேஸ் வாசிப்பவர்களுக்குப் பலமான அதிர்வு போதாது: அதிர்வுக் கருவி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இசையின் கீழ் ஒலிகளை அதிர்வாக மாற்றி உடம்பில் உணரவைக்கும், உடலில் அணியும் அதிர்வுக் கருவிகளைத் தயாரிப்பவர்களுக்கு வணக்கம்.

முன்பெல்லாம் பேஸ் கிட்டார் (கீழ் ஒலி தரும் கிட்டார்) வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஆளுயர ஆம்ப், அதாவது ஒலிபெருக்கி, நிற்கும். இப்போது பல மேடைகளில் வாசிப்பவர் தன் ஒலியைக் கேட்கக் காதில் செருகும் இன்-இயர் மானிட்டர் மட்டும்தான். மேடைச் சத்தம் குறைந்தது நல்லதே. ஆனால் வாசிக்கிற ஸ்வரம் உடம்பில் இறங்குவது நின்றுபோனது. காதில் செருகியது லேசாக நழுவினாலே பேஸ் காணாமல் போகிறது, கை தானாக வால்யூமைத் தேடுகிறது.

கீழ் ஒலிகளுக்கு, அதாவது குறைந்த அதிர்வெண் ஒலிகளுக்கு, காது மந்தம். 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் கேட்கிற அளவுக்கு 40 ஹெர்ட்ஸ் கேட்க, 80 டெசிபெல்லுக்கு மேல் வேண்டும். பேஸின் இ ஸ்ட்ரிங் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து ஸ்ட்ரிங் பேஸின் பி ஸ்ட்ரிங் சுமார் 31. இதற்காக வால்யூமை ஏற்றினால் சிம்பலும் குரலும் சேர்ந்தே ஏறும். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் வரம்பில், ஒரு நாளில் 85 டெசிபெல்லை 8 மணி நேரம் தாங்கலாம், 100 டெசிபெல்லை 15 நிமிடம்தான். கீழ் ஒலியை உடம்புக்கும் மற்றதைக் காதுக்கும் பிரித்துக் கொடுக்கும் உங்கள் கருவி எங்கள் செவியைக் காப்பாற்றும். அதனால்தான் இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறேன்.

ஆனால் விளம்பரங்களில் எப்போதும் 'பலமான அதிர்வு' என்ற பேச்சுதான். பலம் எங்களுக்கு இரண்டாம்பட்சம். கிட்டார் கழுத்தில் விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் கம்பிகளான ஃப்ரெட்டுகளில், அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே அதிர்வெண் வித்தியாசம் 6 சதவீதம்தான். தோலால் அதைப் பிரித்தறிவது கடினம். சுருதியைக் காது பார்த்துக்கொள்ளும். தோலுக்கு நன்றாகத் தெரிவது ஸ்வரம் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்பது. பி ஸ்ட்ரிங்கை மீட்டிவிட்டு இடது கை விரலைத் தளர்த்தி ஒலியை உடனே அடக்குகிறேன். ஸ்ட்ரிங் அடங்கிவிடுகிறது, ஆனால் ஒரே அதிர்வெண்ணில் மட்டும் நன்றாக ஆடும்படி செய்த மோட்டார் இன்னும் 'கிர்ர்' என்று இழுத்துக்கொண்டிருக்கும். காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு சேர்ந்து வேண்டுமென்றே விட்ட மௌன இடைவெளி அங்கேயே நிரம்பிவிடுகிறது. இ வாசித்தாலும் பி வாசித்தாலும் அதே 'கிர்ர்'தான்.

புளூடூத் இன்னொரு தலைவலி. சாதாரணமாக அதில் 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதம் இருக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் பதினாறாம் பகுதி ஸ்வரம் ஒன்று 125 மில்லி விநாடிதான். அதாவது நான் அடுத்த ஸ்வரத்துக்குப் போகும் நேரத்தில்தான் முந்தையது மார்பில் வந்து தட்டும். பாட்டுக் கேட்பவருக்கு இது பொருட்டில்லை, வாசிப்பவருக்கு ஆகவே ஆகாது.

எனவே ஒயர் போடும் வசதியை எடுத்துவிடாதீர்கள். 30 ஹெர்ட்ஸிலிருந்து கருவி எப்படி நடந்துகொள்கிறது என்ற வரைபடத்தை, தாமதமும் அடங்கும் நேரமும் சேர்த்து, பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். 'ஆழமான பேஸ்' என்ற வாசகத்தை வைத்து நாங்கள் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. புதிய மாதிரி தயாரானதும், விற்பனைக்கு விடும் முன், ஒத்திகை அறைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு டிரம்மரையும் சேர்த்து உட்கார வைத்து, ஸ்ட்ரிங்கை அடக்கி அடக்கி வாசித்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒருவர்